வட்டி குறைந்தால் கடைக்கணக்கு குறையுமா?

வானொலிச் செய்தியில் நாம் அவ்வப்போது ஒன்றைக் கேட்கிறோம். "பேங்க் நெகாரா வட்டி விகிதத்தைக் கால் விழுக்காடு குறைத்துள்ளது" என்பார் செய்தி வாசிப்பவர். நாம் அதைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். அடுப்படியில் நிற்கும் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "வட்டி குறைஞ்சா நம்ம கடைக்கணக்கு குறையுமா?" என்று கேட்டால், படிக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். அது சிரிக்க வேண்டிய கேள்வியன்று. பொருளாதாரம் கற்றவர்கள் நெடுங்காலமாக விவாதித்து வரும் கேள்வியே அது. வளரும் நாடுகளில் மத்திய வங்கியின் பணக் கொள்கை எவ்வளவு தூரம் பலிக்கிறது? எந்த வீடு வரைக்கும் போய்ச் சேர்கிறது, எந்த வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது? இதை நம் நாட்டின் அனுபவத்தை வைத்தே பார்ப்போம்.

பணக் கொள்கை என்பது என்ன? நாட்டில் புழங்கும் பணத்தின் அளவையும், கடனுக்குரிய விலையாகிய வட்டியையும் கூட்டியோ குறைத்தோ விலைவாசியையும் வேலை வாய்ப்பையும் சீராக வைக்க முயல்வதுதான் அது. இதற்கு ஒரு மத்திய வங்கி வேண்டும். நம் தாத்தா பாட்டி காலத்தில் மலாயாவில் அப்படி ஒன்று இருக்கவில்லை. நாணய ஆணையர்கள் என்று ஓர் அமைப்பு மட்டும் இருந்தது. 1906 முதல் நம் வெள்ளி இங்கிலாந்துப் பவுனோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். லண்டனில் பவுன் கட்டினால் இங்கே வெள்ளி கிடைக்கும். பவுன் வரவில்லையானால் புதிய வெள்ளியும் இல்லை. ஆணையர்களுக்குத் தம் விருப்பப்படி ஒரு நோட்டும் அச்சடிக்க அதிகாரமில்லை.

இதன் பொருள் என்ன தெரியுமா? ரப்பர் விலை ஏறினால் பவுன் வரும், நாடெங்கும் பணம் புரளும். ரப்பர் விலை விழுந்தால் பவுன் வெளியேறும், கடைத்தெருவே ஓய்ந்துவிடும். கொரியப் போரின்போது, 1951-ல், ஓர் இராத்தல் ரப்பர் சராசரி ஒன்றரை வெள்ளிக்கு மேல் விற்றது. இரண்டே ஆண்டுகளில், 1953-ல், அது 70 காசுக்கும் கீழே இறங்கியது. அன்றைய தோட்டக் குடும்பங்கள் அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் சம்பள நாளில் கண்கூடாகப் பார்த்தன. பணம் வற்றிய நேரத்தில் மடையைத் திறந்துவிட யாரும் இல்லை. திறப்பதற்கு மடையே கட்டப்படவில்லை.

சுதந்திரத்திற்குப் பிறகு, 1959 ஜனவரி 26-ஆம் நாள், நம் மத்திய வங்கி தோன்றியது. ஆனால் உடனே நோட்டு வெளியிடவில்லை. 1967 ஜூன் 12-ஆம் நாள்தான் பேங்க் நெகாராவின் சொந்த நோட்டுகள் வெளிவந்தன. பழைய நோட்டுகளும் கூடவே செல்லும் என்றார்கள். ஒரு பழைய வெள்ளிக்கு ஒரு புதிய வெள்ளி. மக்களும் அவசரப்பட்டு மாற்றவில்லை. பெட்டிக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் இருந்த பணம் அங்கேயே இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 18-ஆம் நாள், பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. பழைய வெள்ளி பவுனோடு கட்டுண்டது. பவுன் இறங்கியதும் அதுவும் இறங்கியது. புதிய வெள்ளியைக் குறைப்பதில்லை என்று அரசு முடிவு செய்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் டான் சியூ சின். அந்த முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் நாணயத்தையும் குறைத்திருந்தால் வெளியிலிருந்து வரும் அரிசி, மாவு முதலியவை விலை ஏறியிருக்கும். ஆனால் அதன் விளைவாக 100 பழைய வெள்ளியைக் கொண்டு போனவருக்கு 85 புதிய வெள்ளிதான் கிடைத்தது.

யாருக்கு அடி விழுந்தது? வீட்டில் ரொக்கமாகச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு. மகள் கல்யாணத்திற்கு என்று மடித்து வைத்த நோட்டு, ஊருக்குப் போய்வர என்று சேர்த்த நோட்டு, எல்லாம் ஓர் இரவில் நூற்றுக்குப் பதினைந்து கரைந்தன. நவம்பர் 24-ஆம் நாள் பினாங்கில் தொடங்கிய கடையடைப்பு கலவரமாக மாறி, உயிர்களும் போயின. பணக் கொள்கை என்பது எங்கோ கோலாலம்பூரில் கோட்டுப் போட்டவர்கள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஏழையின் சேமிப்பு எந்த உருவத்தில் இருந்ததோ, அதே உருவத்தைத்தான் அந்த முடிவு தாக்கியது.

சரி, மத்திய வங்கியின் கையில் உள்ள கருவிகள் என்ன? இரண்டை மட்டும் சொல்கிறோம். மக்கள் வங்கிகளில் போடும் பணத்தில் ஒரு பகுதியை அந்த வங்கிகள் பேங்க் நெகாராவிடம் வட்டியில்லாமல் வைத்திருக்க வேண்டும். இதைச் சட்டப்படியான கையிருப்பு என்பார்கள். 1998-ன் தொடக்கத்தில் இது நூற்றுக்கு 13.5 ஆக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பருக்குள் 4 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வளவு பணம் கடன் கொடுப்பதற்கு விடுபட்டது என்று பொருள்.

இன்னொன்று வட்டி. லயத்தில் ஒரு வீட்டில் இரவுச் சமையலுக்கு அரிசி போதவில்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு படி கடன் வாங்கி மறுநாள் திருப்பிக் கொடுப்பது நமக்குத் தெரிந்ததே. வங்கிகளும் இப்படித்தான் ஒன்றிடம் ஒன்று ஓர் இரவுக்குப் பணம் வாங்கிக் கொடுக்கின்றன. நாம் அரிசிக்கு வட்டி கேட்பதில்லை, வங்கிகள் கேட்கும். அந்த ஓரிரவு வட்டி எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதை 2004 ஏப்ரல் முதல் பேங்க் நெகாரா அறிவித்து வருகிறது. தொடக்கத்தில் அது 2.70 விழுக்காடு. கோவிட் நோயின்போது, 2020 ஜூலையில், 1.75 வரை இறக்கினார்கள். 2022 மே முதல் படிப்படியாக ஏற்றி, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டிற்குக் கொண்டு வந்தார்கள். 2025 ஜூலையில் 2.75 ஆக்கினார்கள்.

இந்த வட்டி மாறினால், மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனின் தவணையும் மாறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் வெள்ளிக் கடன், முப்பது ஆண்டுத் தவணை. வட்டி 4 விழுக்காடானால் மாதம் 477 வெள்ளி. 5 விழுக்காடானால் 537 வெள்ளி. மாதம் 60 வெள்ளி வித்தியாசம். இது ஒரு குடும்பத்திற்குச் சிறிய தொகையன்று. ஆக, வங்கிக் கடன் உள்ள வீட்டிற்குப் பேங்க் நெகாராவின் முடிவு போய்ச் சேருகிறது. மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு எடுத்தவரின் கதை வேறு. தொடக்கத்திலேயே மொத்த வட்டியையும் கணக்கிட்டு எழுதிவிட்டிருந்தால், பிறகு எத்தனை முறை விகிதம் இறங்கினாலும் அவருடைய தவணை இறங்காது.

இனி, வட்டியால் ஆகாத காரியங்களுக்கு வருவோம். 1973-ன் இறுதியில் எண்ணெய் விலை உலகெங்கும் பல மடங்கு ஏறியது. உணவுப் பொருள் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் விலைவாசி 1973-ல் 10 விழுக்காடும், 1974-ல் 17 விழுக்காடும் உயர்ந்தது. பேங்க் நெகாரா கடனை இறுக்கியது. வங்கிகள் கொடுக்கும் கடன் எவ்வளவு வளரலாம் என்பதற்கு எல்லை போட்டது. பணம் அதிகமாகப் புரண்டு விலை ஏறினால் இந்த மருந்து வேலை செய்யும். ஆனால் விலை ஏறியது வெளிநாட்டு எண்ணெயாலும் அரிசியாலும். வட்டியை உயர்த்தினால் எந்த வயலிலும் ஒரு நெல்மணி கூடுதலாக விளையாது.

அதே ஆண்டில் ரப்பர் விலை சரிந்தது. அரிசி விலை மேலே, பால் விலை கீழே. 1974 நவம்பரில் கெடாவின் பாலிங் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ரப்பர் சிறுதோட்டக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்கு உதவியது வட்டி விகிதமன்று. ரப்பரை வாங்கி இருப்பு வைத்து விலையைத் தாங்கிப் பிடிக்க அரசு எடுத்த நடவடிக்கை. அது பணக் கொள்கையில் சேராது. வளரும் நாடுகளில் மத்திய வங்கிக்கு உள்ள பெரிய சங்கடம் இதுதான். நோய் ஓர் இடத்தில், மருந்து இன்னோர் இடத்தில். 2022-லும் இதைப் பார்த்தோம். உக்ரேன் போரினால் தீவன விலையும் எண்ணெய் விலையும் ஏறின. கோழி விலை ஏறியது. கோழிப் பண்ணைக்காரரின் தீவனச் செலவை ஓரிரவு வட்டி குறைக்க இயலாது.

இப்போது மிகக் கடினமான ஓர் அனுபவத்திற்கு வருகிறோம். இதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். 1997-ன் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு நம் வெள்ளி இரண்டரை கொடுத்தால் போதும். (ரிங்கிட் என்று 1975-லேயே பெயர் வைத்தாயிற்று, நம் வாயில் வருவது இன்னும் வெள்ளிதான்.) ஜூலை 2-ஆம் நாள் தாய்லாந்து தன் நாணயத்தின் மாற்று விலைக் கட்டைக் கைவிட்டது. வெளிநாட்டார் இந்த வட்டாரத்திலிருந்து பணத்தை அள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கினர். 1998 ஜனவரி 7-ஆம் நாள் ஒரு டாலருக்கு 4.88 வெள்ளி என்ற நிலை வந்தது.

பணம் ஓடாமல் இருக்க வேண்டுமானால் வட்டியை உயர்த்த வேண்டும். உயர்த்தினார்கள். வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. உள்நாட்டில் கடன் வாங்கித் தொழில் செய்தவர்கள் மூச்சுத் திணறினார்கள். தொழிற்சாலைகள் ஆள் குறைத்தன. அவ்வாண்டு நாட்டின் உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் அந்த ஆண்டு வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள்.

மத்திய வங்கிக்கு மூன்று ஆசைகள் உண்டு. நாணய மாற்று விலை அசையாமல் இருக்க வேண்டும். பணம் நாட்டுக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். வட்டியை நம் தேவைக்கு ஏற்ப நாமே வைத்துக்கொள்ள வேண்டும். பால் தூக்கியவர்களுக்குத் தெரியும், காண்டாக் கம்பின் இரு முனைகளில் இரண்டு வாளிகளைத்தான் மாட்ட முடியும். மூன்றாவது வாளிக்குத் தோளில் இடமில்லை. எதையாவது ஒன்றைக் கீழே வைத்தாக வேண்டும்.

1998 செப்டம்பர் 1-ஆம் நாள் டாக்டர் மகாதீர் தலைமையிலான அரசு இரண்டாவது வாளியைக் கீழே வைத்தது. பணம் வெளியே போவதற்குக் கட்டுப்பாடு. மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று விலையைக் கட்டினார்கள். அதன் பிறகு வட்டியை இறக்க வழி பிறந்தது, இறக்கினார்கள். அடுத்த ஆண்டு நாடு ஏறத்தாழ 6 விழுக்காடு வளர்ந்தது. அந்தக் கட்டு 2005 ஜூலை 21 வரை நீடித்தது.

இது வெற்றியா? கட்டுப்பாடு இல்லாவிட்டால் மீட்சி இவ்வளவு விரைவில் வந்திராது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. தாய்லாந்தும் தென் கொரியாவும் இத்தகைய கட்டுப்பாடு இல்லாமலே எழுந்துகொண்டன, செப்டம்பருக்குள் புயல் ஓய்ந்துவிட்டது என்பாரும் உண்டு. எங்கள் எண்ணத்தில், அது மீட்சியை உண்டாக்கியது என்பதைவிட, வட்டியைக் குறைக்கும் துணிவை நமக்குக் கொடுத்தது என்பதே பொருந்தும். கைகள் கட்டப்பட்டிருக்கும் மத்திய வங்கிக்கு எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

அந்தச் சமயத்தில் தோட்டங்களின் நிலை வேடிக்கையானது. செம்பனை எண்ணெய் டாலர் கணக்கில் விற்கப்படுவது. வெள்ளியின் மதிப்பு விழுந்ததால், 1998-ல் ஒரு டன் 2,000 வெள்ளிக்கு மேல் போயிற்று. பட்டணம் அழுதபோது தோட்ட நிறுவனங்களின் கணக்குப் புத்தகம் சிரித்தது. அந்த விலையில் தொழிலாளியின் கைக்கு எவ்வளவு வந்தது என்பது சம்பள ஒப்பந்தத்தைப் பொறுத்த வேறு பேச்சு. ஆனால் பருப்பு, மிளகாய், வெங்காயம், பால்மாவு ஆகியவை விலை ஏறியது எல்லாத் தோட்டத்துக் கடைகளிலும் தெரிந்தது. 2001-ல் செம்பனை எண்ணெய் விலை 900 வெள்ளி அளவுக்கு இறங்கிவிட்டது. ஏறிய மளிகை விலை அந்த அளவுக்கு இறங்கியதா என்பதை வீட்டுச் செலவு பார்த்த பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, அம்மாவின் கேள்விக்குத் திரும்புவோம். கடைக்கணக்கு.

கடைக்காரர் வட்டி என்று எழுதுவதில்லை. ஆனால் ரொக்கத்திற்கு ஒரு விலை, கணக்கிற்கு ஒரு விலை என்றால் அந்த வித்தியாசமே வட்டி. அதைப் பேங்க் நெகாரா நேராகத் தொட முடியாது. ஆயினும் சுற்றி வளைத்து ஒரு வழி உண்டு. தோட்டக் கடைக்காரர் பட்டணத்து மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கிறார். மொத்த வியாபாரி வங்கியில் கடன் வைத்திருக்கிறார். வங்கி இறுக்கினால் வியாபாரி முப்பது நாள் தவணையை இருபதாகக் குறைப்பார். உடனே கடைக்காரர் நம்மிடம், "பழைய பாக்கியக் கட்டிட்டு வாங்கம்மா" என்பார். ஆக, வட்டி ஏறினால் அது சில வாரங்களில் நம் வீட்டுக் கதவைத் தட்டிவிடும். இறங்கும்போதோ வியாபாரி அந்த இலாபத்தைத் தாமே வைத்துக்கொள்வார், அல்லது கடைக்காரர் வைத்துக்கொள்வார். நம் வரைக்கும் வந்து சேருவது அபூர்வம். ஏற்றம் ஓடி வருகிறது, இறக்கம் வழியிலேயே தங்கிவிடுகிறது. வளரும் நாடுகளில் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது இதை நாம் போதிய அளவு சொல்வதில்லை என்பது எங்கள் குறை.

வட்டிக்கு விடுபவரிடம் 500 வெள்ளி வாங்கினவரை எண்ணிப் பாருங்கள். மாதத்திற்கு நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 50 வெள்ளி. ஓர் ஆண்டில் 600 வெள்ளி வட்டியாகவே போகும். முதல் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 120 விழுக்காடு கட்டுகிறவருக்குக் கால் விழுக்காட்டுச் செய்தி என்ன செய்யும்? உரிமம் பெற்ற வட்டித் தொழிலாளர், ஈடு வைத்த கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டிற்கும் ஈடில்லாத கடனுக்கு 18 விழுக்காட்டிற்கும் மேல் வாங்கக் கூடாது என்று கடன் கொடுப்போர் சட்டம் சொல்கிறது. உரிமம் இல்லாதவரிடம் சட்டம் பேச யார் துணிவார்கள்?

கூட்டுப் போடுவதும் அப்படித்தான். பத்துப் பெண்கள் மாதம் 100 வெள்ளி போட்டு, ஒவ்வொருவராக 1,000 வெள்ளி எடுப்பது நம்பிக்கையின் மேல் நடக்கும் வங்கி. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடை செய்தது. கூட்டுப் பிடித்தவர் ஓடிப்போன கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஆனாலும் மக்கள் ஏன் அதை நாடினார்கள்? வங்கி பட்டணத்தில் இருந்தது. சம்பளச் சீட்டும் பிணையும் கேட்டது. தமிழில் பேச ஆள் இல்லை. குழாய் போடாத லயத்திற்கு, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தென்ன?

2020-ல் இது பளிச்சென்று தெரிந்தது. ஏப்ரல் முதல் ஆறு மாதம் வங்கிக் கடன் தவணையை ஒத்திவைத்தார்கள். வங்கியில் கடன் வைத்திருந்த குடும்பம் மூச்சு விட்டது. கடையிலும் வட்டிக்காரரிடமும் கடன் வைத்திருந்த குடும்பத்திற்கு ஒரு நாள்கூட ஒத்திவைப்பு இல்லை.

இறுதியாக ஒரு குழாய் மட்டும் ஏறக்குறைய எல்லாத் தோட்டக் குடும்பங்களுக்கும் போடப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அது 1951-ல் தொடங்கிய ஊழியர் சேமநிதி. அந்த நிதியின் பணத்தில் ஒரு பெரிய பகுதி அரசாங்கக் கடன் பத்திரங்களிலும் வட்டி தரும் பிற முதலீடுகளிலும் போடப்படுகிறது. ஆகவே நாட்டில் வட்டி இறங்கினால், நாளடைவில் அதன் இலாப ஈவும் இறங்கும். 1980-களின் நடுவில் 8.5 விழுக்காடு கொடுத்த சேமநிதி, 1998-ல் 6.70 கொடுத்தது. வட்டி குறைக்கப்பட்ட பின், பங்குச் சந்தையும் சோர்ந்திருந்த நிலையில், 2002-ல் 4.25 கொடுத்தது. சட்டம் உறுதியளிக்கும் அளவு 2.5 மட்டுமே. தொழிற்சாலையில் மகனுக்கு வேலை திரும்பக் கிடைத்ததும், ஓய்வு பெறவிருந்த தகப்பனாரின் சேமநிதி மெதுவாக வளர்ந்ததும் ஒரே முடிவின் இரு பக்கங்கள். சேமநிதிக் கணக்கு அறிக்கை அடுத்த முறை கைக்கு வரும்போது, இலாப ஈவு என்ற வரியைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் இருந்தால், அது மாறும் வட்டியா மாறாத வட்டியா என்று வங்கியில் கேட்டு அதே தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். வானொலியில் அடுத்த அறிவிப்பு வரும்போது நம் வீட்டுக்கு இதனால் வரவா செலவா என்று அந்த இரண்டு எண்களை வைத்தே சொல்லிவிடலாம்.